ஒரு திரைக்கு எத்தனை பேர்?

ஞாயிற்றுக்கிழமை காலையில எங்கட போன்கள் எங்களுக்கு ஒரு கணக்குச் சொல்லும். இந்தக் கிழமை சராசரியாக ஒரு நாளைக்கு இவ்வளவு மணித்தியாலம், போன கிழமையை விட இத்தனை வீதம் கூட. எங்கட குழுவில் ஆறு பேர். போன மாதம் கொஸ்கஸ் சந்திக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து ஆறு பேருடைய கணக்கையும் மேசையில வைத்துப் பார்த்தோம். ஆகக் குறைந்தது ஐந்தேகால் மணித்தியாலம். ஆகக் கூடியதை எழுத வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர் கேட்டுக்கொண்டார்.

இதை வீட்டில் போய்ச் சொன்னபோது எங்களில் ஒருத்தியின் அம்மம்மா சிரித்தாராம். "நாங்க மட்டும் என்ன? பக்கத்து வீட்டு ஜன்னல்ல தொங்கித்தான் கிடந்தோம். எங்களைக் கணக்கெடுக்க ஆள் இல்ல, அவ்வளவுதான்" என்றாராம்.

அந்தப் பதிலை நாங்கள் விட்டுவிடவில்லை. கிராண்ட்பாஸில் 'வத்த' என்று எல்லாரும் சொல்கிற நெருக்கமான வரிசை வீடுகளில் வளர்ந்த பெரியவர்கள் சிலரிடம் போய், நீங்கள் எந்தத் திரையில், எங்கே, யாரோட பார்த்தீங்க என்று கேட்டோம். மணித்தியாலம் யாருக்கும் நினைவில்லை. பக்கத்தில் யார் இருந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் நாங்கள் எண்ணப் போவது மணித்தியாலத்தை இல்லை, ஆட்களை.

முதலில் தியேட்டர். 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பு கிங்ஸ்லி தியேட்டரில் 'கடவுணு பொறொந்துவ' திரையிடப்பட்டது. முதல் சிங்களப் பேசும் படம். தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், ஒரு தமிழர். படம் எடுக்கப்பட்டது தென்னிந்தியாவில். இலங்கையின் 'தேசிய சினிமா' வரலாறு இப்படித்தான் தொடங்குது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்களுக்கு வேண்டியது அந்த மண்டபம். கலரி, செகண்ட் கிளாஸ், ஓடிசி, பல்கனி என்று காசுக்கு ஏற்றபடி பிரித்துத்தான் உட்கார வைத்தார்கள். ஆனாலும் விளக்கு அணைந்த பிறகு எல்லாரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள், ஒரே இடத்தில் விசில் அடித்தார்கள்.

அப்போதும் பயம் இருந்தது. 1927இல் பிரித்தானிய இந்திய அரசு சினிமாவைப் பற்றி விசாரிக்க ஒரு குழு அமைத்தது. தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். அந்தக் குழு ஊர் ஊராகப் போய் 353 பேரிடம் சாட்சியம் எடுத்தது. படம் பார்த்து இளைஞர்கள் கெட்டுப்போகிறார்களா, குற்றம் கூடுகிறதா, சின்னப் பிள்ளைகளை உள்ளே விடலாமா என்பதெல்லாம் அங்கே பேசப்பட்டது. பேர்களையும் ஆண்டையும் மறைத்துவிட்டு அந்தக் கேள்விகளை இன்றைக்கு ஒரு பெற்றோர் கூட்டத்தில் வாசித்தால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் பிள்ளைகளைக் கெடுக்க ஒரு திரை வந்து சேர்ந்திருக்கிறது. இதைச் சொல்லி எங்கட போனுக்கு நாங்கள் நற்சான்றிதழ் எழுதவில்லை. பயம் பழையது என்பதற்காக, பயப்படக் காரணமே இல்லை என்று ஆகாது.

கிராண்ட்பாஸ் கதை உண்மையில் சூடுபிடிப்பது டீவி வந்த பிறகு.

1979 ஏப்ரல் 13ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஐ.டி.என். ஒளிபரப்பைத் தொடங்கியது. பன்னிப்பிட்டியில் ஒரு தனியார் வீட்டு வளவில் இருந்து, கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் மட்டும் எட்டுகிற சின்ன நிலையம். இரண்டு மாதத்துக்குள்ளேயே அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. பிறகு ஜப்பானிய உதவியோடு கட்டிய ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் வந்தது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது டீவி பெட்டியோடு வந்தார்கள். அப்படித்தான் எங்கட வத்தைகளுக்குள்ளும் பெட்டி வந்தது. ஒரு வரிசைக்கு ஒன்று, சில இடத்தில் இரண்டு வரிசைக்கு ஒன்று.

பத்தடிக்குப் பத்தடி அறை. வீட்டுக்காரர் கட்டிலில். உறவுக்காரர் தரையில், பாயில். கிட்டத்து வீட்டுக்காரர் வாசற்படியில். மிச்சப் பேர் ஜன்னலில். பிந்தி வந்தவர்களுக்குச் சத்தம் மட்டும். உட்காரும் இடத்தைப் பார்த்தாலே யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம், யார் வீட்டோட இந்தக் கிழமை சண்டை என்று தெரிந்துவிடும் என்று ஒரு பெரியவர் சொன்னார். கோபம் வந்தால் டீவி வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திவிடுவாராம். அது வத்தையில் பெரிய தண்டனை.

ரூபவாஹினியில் 'ஒஷின்' போன காலத்தைப் பற்றி எல்லாருமே பேசினார்கள். ஜப்பானில் ஓர் ஏழைப் பெண்பிள்ளை வேலைக்காரியாகப் போய்ப் படும் பாட்டைச் சொல்லும் தொடர், சிங்களக் குரலோடு. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் ஒரே வாசலில் இருந்து ஒரே இடத்தில் அழுதார்கள். அம்மம்மாவின் சிங்களம் சந்தையில் பாதி, ஒஷினில் பாதி படித்தது. டைட்டஸ் தொட்டவத்தவும் அவருடைய குழுவும் சிங்களமாக்கித் தந்த கார்ட்டூன்களைப் பார்த்துச் சிங்களம் பிடித்த தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் சிலர் இன்றைக்கு எங்கட அப்பாக்கள்.

தமிழ்ப் படம் வேண்டுமென்றால் டெக். சனிக்கிழமை இரவு டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, மூன்று நாலு கசட்டை விடிய விடியப் போடுவது. வாடகையைக் காசு சேர்த்துக் கொடுப்பார்கள். காசு கொடுக்காதவரும் வந்து உட்காருவார், யாரும் எழுப்ப மாட்டார்கள். எத்தனை மணித்தியாலம்? இரவு எட்டு மணியில் இருந்து காலை ஆறு மணி வரை! எந்த வைத்தியரும் ஒத்துக்கொள்ளாத திரை நேரம்.

இவ்வளவையும் கேட்டபோது எங்களுக்கு அந்தக் காலத்தின் மேல் கொஞ்சம் ஆசையே வந்தது. ஆனால் தொடர்ந்து கேட்கக் கேட்க வேறு விஷயங்களும் வந்தன.

அந்த ஒரே திரையில் என்ன வர வேண்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. அங்கே இருந்த படச்சுருள்களும் போயின. ஜூலை 28ஆம் திகதி ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன டீவியில் நாட்டுக்கு உரையாற்றினார். வீடு வாசல் இழந்த தமிழர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை அதில் இல்லை. நாடு முழுக்க ஒரே திரையைப் பார்த்தது என்று சந்தோசமாகச் சொல்லும்போது, அந்தத் திரை யாரைப் பார்த்துப் பேசியது என்றும் கேட்கத்தான் வேண்டும்.

1996ஐயும் சொல்ல வேண்டும். ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. அதற்குப் பிறகு கொழும்பில் தமிழ் இளைஞருக்கு ஒவ்வொரு சந்தியும் ஒரு சோதனைச் சாவடி. மார்ச் 17இல் லாகூரில் உலகக் கிண்ண இறுதிப்போட்டி. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. அணியில் ஒரே தமிழர் முரளி. அந்த இரவு வத்தைக்குள் எல்லாரும் ஒரு டீவியைச் சுற்றி நின்று கத்தினார்கள், பட்டாசு கொளுத்தினார்கள், ஆளை ஆள் கட்டிப்பிடித்தார்கள். "அடுத்த நாள் காலையில வேலைக்குப் போகேக்க ஐடென்டி கார்டை எடுத்தேனா என்று மூன்று தரம் பார்த்தேன்" என்றார் அன்றைக்கு இருபது வயதாக இருந்த ஒரு மாமா. இரண்டும் ஒரே ஆளுக்கு, பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் நடந்தது. அந்தக் கூட்டத்தின் சந்தோசம் பொய் என்று அவர் சொல்லவில்லை. அது போதாது என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்று, அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள். ஜன்னலில் தொங்கும் உரிமை பொடியன்களுக்கு. பெரிய பிள்ளையாகிவிட்டால் பக்கத்து வீட்டில் இரவு உட்கார்ந்து படம் பார்க்க விட மாட்டார்கள். சனல் மாற்றும் கை எப்போதும் ஓர் ஆணின் கை. அம்மம்மா ஜன்னலில் 'தொங்கியது'கூட, கணவர் இரவு வேலைக்குப் போன நாட்களில் மட்டும்தான்.

டீவி மனிதர்களை என்ன செய்யும் என்று ஆராய்ந்தவர்களுக்கு ஒருமுறை அருமையான வாய்ப்புக் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் கனடாவில் ஒரு சிறு நகரத்துக்கு மட்டும் ஒளிபரப்பு எட்டாமல் இருந்தது. ஆய்வாளர்கள் அதற்கு 'நோடெல்' என்று புனைபெயர் வைத்து, டீவி வருவதற்கு முன்னும் வந்து இரண்டு வருடம் கழித்தும் போய் அளந்தார்கள். டீவி வந்த பிறகு ஊர்க் கூட்டங்களுக்கும் விளையாட்டுக்கும் வரும் ஆட்கள் குறைந்தார்கள், பிள்ளைகளின் முரட்டுத்தனம் கூடியது. டானிஸ் மக்பெத் வில்லியம்ஸ் 1986இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அங்கே டீவி வந்து வெளியில் இருந்தவர்களை வீட்டுக்குள் இழுத்தது. இங்கே, அந்த முதல் பத்து வருடம், வீட்டுக்குள் இருந்தவர்களை அடுத்த வீட்டு வாசலுக்கு இழுத்தது. பெட்டி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அங்கே வீட்டுக்கு ஒன்று, இங்கே வரிசைக்கு ஒன்று.

பிறகு எங்களுக்கும் வீட்டுக்கு ஒன்றானது. 1998இல் சக்தி டீவி வந்தது. கேபிள் வந்தது, அதோட சென்னைச் சீரியல்கள் வந்தன. எங்கட மொழியில் நாள் முழுக்கப் பார்க்கலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. அதே நேரம், ஒஷின் பார்த்த அந்த வாசல் மூன்றாகப் பிரிந்தது. தமிழ் வீட்டில் ஒன்று, சிங்கள வீட்டில் ஒன்று, முஸ்லிம் வீட்டில் ஒன்று. யாரும் யாரோடும் கோபித்துக்கொள்ளவில்லை. சத்தம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஸ்மார்ட்போன் எங்கட கைக்கு வந்த கதை உங்களுக்கே தெரியும், நீட்ட வேண்டியதில்லை. ஒரு நல்லதை மட்டும் சொல்லிவிடுகிறோம். யுத்தம் துரத்தி வெளிநாட்டுக்குப் போனவர்களோட பேச எங்கட பெற்றோர் கொமியூனிகேஷன் கடையில் வரிசையில் நின்றார்கள், நிமிடத்துக்கு இவ்வளவு என்று மீற்றர் ஓடும். இன்றைக்கு டொரண்டோவில் இருக்கிற சித்தி கறி காய்ச்சும்போது போனைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு இங்கே அம்மாவோட இரண்டு மணித்தியாலம் கதைக்கிறார். இதையும் திரை நேரம் என்றுதான் போன் எழுதுது.

பிரச்சினை தொடங்கியது போன் வந்ததால் மட்டும் இல்லை. போனுக்குள் இருப்பதை யார் தெரிவு செய்வது என்பது மாறியதால். 2006இல் ஏஸா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் பக்கத்துக்கு முடிவே இல்லாமல் கீழே கீழே போகும் முறையை உருவாக்கினார். பிறகு அவரே அதற்காக வருந்திப் பேசினார். 2009இல் பேஸ்புக் லைக் பட்டனை வைத்தது. நீ எதில் எவ்வளவு நேரம் நிற்கிறாய் என்று பார்த்து அடுத்ததைப் போடும் இயந்திரம் வந்தது. டெக்கில் கசட் முடிந்தால் யாராவது எழும்பிப் போய் மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில்தான் தேத்தண்ணி, சண்டை, காதல் எல்லாம் நடந்தது. இப்போது இடைவெளியே கிடையாது. பக்கத்தில் ஆளும் இல்லாததால், "இது பொய்யடா" என்று சொல்வதற்கும் யாரும் இல்லை.

இதற்கு நாடு கொடுத்த விலையை நாங்கள் பள்ளிக்கூடச் சட்டையோட பார்த்தோம். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு கதை. கடைக்காரரை மிரட்டி ஒப்புக்கொள்ள வைத்த வீடியோ போன் போனாகப் போனது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி. அந்த அறிக்கை வரும்போது பள்ளிவாசலும் கடைகளும் ஏற்கெனவே உடைக்கப்பட்டிருந்தன. ஒரு கிழமைக்குள் கண்டி, திகன. மார்ச் 7இல் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் நிறுத்தியது. இரண்டு வருடம் கழித்து, 2020 மேயில், தங்கள் தளம் அந்த வன்முறைக்கு உதவியதற்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

2019 ஏப்ரல் 21 எங்களுக்கு இன்னும் கிட்ட. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எங்களில் பாதிப் பேருக்குச் செவ்வாய்க்கிழமைப் பழக்கம். குண்டு வெடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் எங்கட போன்களில் வரக்கூடாத படங்கள் வந்துவிட்டன. அன்றைக்கே சமூக வலைத்தளங்களை முடக்கினார்கள், ஏப்ரல் 30 வரை. வெளிநாட்டில் இருந்தவர்கள் எங்கள் உயிரைக் கேட்டுத் தவித்தார்கள். எங்களுக்கோ வி.பி.என். போடத் தெரிந்த அண்ணாதான் அந்தப் பத்து நாளும் மின்சார சபை. மே மாதம் சிலாபத்தில் ஒரு பேஸ்புக் பதிவைச் சுற்றித் தகராறு, அதைத் தொடர்ந்து மினுவாங்கொடை வரை முஸ்லிம் கடைகளும் வீடுகளும். மே 13இல் மறுபடியும் முடக்கம். அந்தக் கிழமைகளில் எங்கட வரிசையில் தமிழ் வீட்டுப் போனுக்கு வந்த செய்தியும் முஸ்லிம் வீட்டுப் போனுக்கு வந்த செய்தியும் இரண்டு வேறு நாட்டுச் செய்தி மாதிரி இருந்தன. இடையில் ஒரு செங்கல் சுவர். ஒஷின் காலத்தில் இருந்த அதே சுவர்.

எங்கட தோழி ஒருத்தி அந்த மேயில் பக்கத்து வீட்டு முஸ்லிம் அன்ரியோட பேசுவதை நிறுத்தினாள். ஏன் என்று இன்றைக்குக் கேட்டால், "ஒரு வீடியோ பார்த்தேன்" என்பாள். என்ன வீடியோ என்று அவளுக்கு இப்போது நினைவில்லை. பேசாமல் இருந்தது எட்டு மாதம். அதைக் கேட்டபோது அவள் அழுதாள், அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

பிறகு கொரோனா. 2020 ஒக்டோபர் கடைசியில் கிராண்ட்பாஸ் பொலிஸ் பிரிவும் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் போனது. வெளியே போக முடியாது, நாள் சம்பளம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, எல்லாம் சூம். வீட்டில் மூன்று பிள்ளை, ஒரு போன். ஓ.எல். எடுக்கும் அக்காவுக்குக் காலையில், ஸ்கொலர்ஷிப் தம்பிக்குப் பின்னேரம், நடுப்பிள்ளைக்கு மிச்சம் இருந்தால். டேட்டா முடிந்தால் பக்கத்து வீட்டு ஹொட்ஸ்பொட். பக்கத்து வீடு என்றால் பல இடங்களில் அதே முஸ்லிம் அன்ரி வீடு, அதே சிங்கள மாமா வீடு. சுவருக்குக் கிட்டப் போனை வைத்தால்தான் சிக்னல் வரும் என்பதால் பிள்ளைகள் சுவரோட ஒட்டிக்கொண்டு படித்தார்கள். திரை நேரம் கூடிவிட்டது என்று உலகம் முழுக்கக் கவலைப்பட்ட அந்த வருடத்தில், எங்கட வத்தைகளில் பிள்ளைகள் திரை நேரம் போதாமல் பாடத்தைத் தவறவிட்டார்கள். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காத எந்த அறிவுரையும் எங்களுக்கு அரைகுறையாகத்தான் படுகிறது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் கட். சார்ஜ் இறங்கியதும் ஒவ்வொருவராக வெளியே வந்தோம். புழுக்கம், நுளம்பு, பசி. வாசற்படிகள் மறுபடி நிறைந்தன. பத்து வருடமாகப் பக்கத்தில் இருந்தவரின் பேரை அந்தக் கிழமையில்தான் தெரிந்துகொண்டவர்களும் எங்களில் உண்டு. ஏப்ரல் 3இல் அரசாங்கம் மறுபடியும் வலைத்தளங்களை முடக்கியது, ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. சனம் அதே போனில் செய்தி அனுப்பி, அதே போனின் வெளிச்சத்தில் தெருவுக்கு வந்தது. ஆக, ஒரே கருவி ஒரு வருடம் சுவர் கட்டியது, இன்னொரு வருடம் சுவரை இடித்தது.

அப்படியென்றால் எங்கட மூளைக்கு ஒன்றும் ஆகவில்லையா? 2019இல் ஏமி ஒர்பனும் அண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். டிஜிட்டல் பாவனைக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு, வித்தியாசத்தில் ஆகக் கூடினால் 0.4 வீதத்தைத்தான் விளக்குது என்றார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு. மற்றப் பக்கம் ஜொனதன் ஹைட் போன்றவர்கள், ஒரு தலைமுறையின் பிள்ளைப் பருவமே போனால் மாறிவிட்டது என்கிறார்கள். அவுஸ்திரேலியா 2025 டிசம்பரில் 16 வயதுக்குக் கீழே சமூக வலைத்தளக் கணக்கையே தடை செய்தது. எங்கட அனுபவம் இரண்டிலும் முழுசாகப் பொருந்தவில்லை. சராசரி என்பது சித்தியோட கதைத்த இரண்டு மணித்தியாலத்தையும், இரவு இரண்டு மணிக்கு முன்பின் தெரியாதவர்களின் உடம்பைப் பார்த்துத் தன் உடம்பை வெறுத்த இரண்டு மணித்தியாலத்தையும் ஒன்றாகக் கூட்டிப் பிரிக்கிறது. இரண்டாவதற்கு எங்களில் மூன்று பேர் சாட்சி.

தடை என்று சொல்லும்போது எங்கட பெண்கள் உடனே ஒரு கேள்வி கேட்டார்கள். ஏழு பேர் படுக்கிற ஓர் அறையில், கதவு இல்லாத வீட்டில், ஒரு பிள்ளைக்குத் தனக்கென்று இருக்கிற ஒரே அறை அந்தப் போன்தான். அதைப் பறித்துவிட்டு அவளுக்கு எந்த அறையைக் கொடுக்கப் போறீங்க? ஜன்னலில் தொங்கக்கூட விடாத அந்தப் பழைய வாசலையா? எங்களிடம் பதில் இல்லை. கட்டுரை எழுதி முடிக்கும் வரை வாதாடினோம்.

ஒன்று மட்டும் செய்து பார்த்தோம். போன மாதம் ஒரு புரொஜெக்டர் இரவல் வாங்கி, ஒரு வீட்டுச் சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, வரிசைக்கே படம் போட்டோம். எந்த மொழிப் படம் என்று மூன்று நாள் சண்டை. கடைசியில் பழைய சார்லி சப்ளின், பேச்சே இல்லாதது. பதினொரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஆள் படத்தையே போனில் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டார். அம்மம்மாவுக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருந்தோம். அவர் வந்து பார்த்துவிட்டு, கதிரையை இழுத்துக்கொண்டு போய் வாசற்படிக்குப் பக்கத்தில், பக்கத்து வீட்டு அன்ரியோட இருந்துகொண்டார். அங்கே இருந்து படம் பாதிதான் தெரியும்.